பன்னிரண்டாவது எழுத்து

"மவுஸை மறந்துடுங்கம்மா. பத்து விரலும் நல்லா இருக்குல்ல? அது போதும்" என்றது போனில் வந்த குரல்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மடியில் பிறந்து பதினாறு நாளான மகள். எதிரே மேசையில், நர்ஸிங் படித்த காலத்து லேப்டாப். விரலால் தேய்க்கும் சதுரம் செத்துப் பல வருடமாயிற்று. சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்று ஐம்பது.

அவள் கணவன் சரக்குக் கப்பலில் சமையல்காரன். மகள் பிறந்த செய்தியைக் கேட்டதோடு சரி, முகம் பார்க்கவில்லை. இன்று நாலரைக்குக் கப்பல் ஒரு துறைமுகத்தைத் தொடும். அரை மணி நேரம் இன்டர்நெட் கிடைக்கும். விட்டால் மறுபடி ஒரு மாதம் நடுக்கடல்.

இன்றைக்கென்று பார்த்து அவளுடைய போன் குழந்தைத் துணிகளோடு வாஷிங் மெஷினுக்குள் போய்க் குளித்துவிட்டது. தெருவே வேலைக்குப் போயிருந்த நேரம். கீழ்வீட்டு அக்காவிடம் இருந்ததோ பட்டன் போன். அதை இரவல் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணைப் பிடித்திருந்தாள்.

"சார், வைஃபை லிஸ்ட்ல ஒண்ணுமே வரல. காலியா இருக்கு."

"லேப்டாப் என்ன மாடல்னு படிங்க."

படித்தாள்.

"அடடே, அந்தக் கல்லுக்குண்டா! நல்ல மெஷின்மா அது. முன்பக்க விளிம்புல விரலை வச்சு, இடது கோடியிலேர்ந்து மெதுவா ஓட்டுங்க. நாலு விரல்கடை தள்ளி ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அதை வலப்பக்கம் தள்ளுங்க."

அந்த லேப்டாப்பை வருடக்கணக்கில் தோளில் சுமந்தவள் அவள். அப்படியொரு மேடு இருப்பதே இன்றுதான் தெரிந்தது. தள்ளினாள். மூலையில் நீல விளக்கு எரிந்தது.

"சார்! லைட் வந்துடுச்சு!"

"அதுதான் வைஃபைக்குத் தாழ்ப்பாள். இப்ப லிஸ்ட்டைப் படிங்க."

"மாடி வீடு வருது, எதிர் வீடு வருது. எங்க வீடு மட்டும் வரல."

"இருங்க." அந்தப் பக்கம் மளமளவென்று எதையோ தட்டும் சத்தம். "உங்க வீட்டு வைஃபை பெட்டி புது ரகம். வேகமான அலைவரிசையை மட்டும் திறந்து வச்சிருக்காங்க. பழைய லேப்டாப்புக்கு அது காதுல விழாது. இன்னொண்ணையும் இங்கிருந்தே திறந்துட்டேன். வருதா?"

பட்டியலின் அடியில் அவர்கள் வீட்டுப் பெயர் முளைத்தது. தன்னையறியாமல் அந்தப் பட்டன் போனைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெட்டிக்கு அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து பாஸ்வேர்டை அடித்தாள். தப்பு என்றது திரை. கடிகாரம் நாலு இருபதைத் தாண்டியிருந்தது.

"போச்சு சார்! இது வேற பாஸ்வேர்டு போல. இனிமே முடியாது..."

"பதறாதீங்கம்மா. நீங்க அடிச்சது பதினோரு எழுத்து. எங்க பெட்டிங்க எல்லாத்துக்கும் பன்னிரண்டு. ஆறாவது எழுத்தை அடிச்சதும் குழந்தை சிணுங்குச்சு, நீங்க தட்டிக் கொடுத்தீங்க. அங்கதான் ஒண்ணு விட்டுப் போயிருக்கும்."

அவள் சட்டென்று விரல்களை எடுத்துக்கொண்டாள். தலையைத் தூக்கி நாலு மூலையையும் பார்த்தாள், எங்காவது கேமரா வைத்திருக்கிறார்களோ என்று. ஓடும் மின்விசிறியைத் தவிர ஒன்றுமில்லை. சீட்டைப் பார்த்தாள். ஏழாவது எழுத்தைத்தான் விட்டிருந்தாள்.

மறுபடி அடித்தாள். இணைந்தது.

"அண்ணா!" என்றாள். சார் எப்போது அண்ணாவானார் என்று அவளுக்கே தெரியாது. "மனுஷன்தானா நீங்க?"

"என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்பா, வேற அர்த்தத்துல. சீக்கிரம், வீடியோ காலைத் திறக்கணும். ஜன்னல் படம் போட்ட பட்டனை அழுத்துங்க..."

எந்தப் பட்டன், எத்தனை தடவை, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் விரல் ஓடியது. நாலு இருபத்தொன்பதுக்குத் திரையில் அவள் முகமும் குழந்தையின் உச்சந்தலையும் தெரிந்தன. நாலரைக்கு லேப்டாப்பில் அழைப்பு மணி அடித்தது.

வெள்ளைத் தொப்பியோடு கணவன் வந்தான். கல்யாண வீட்டில் மைக்கைப் பிடுங்கிப் பேசுகிற ஆள். மகளைப் பார்த்ததும் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. குழந்தை அவனைப் பார்த்து ஒரு குட்டித் தும்மல் போட்டது. அவ்வளவுதான், தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். அவனுக்குப் பின்னால் கப்பல்காரர்கள் நாலைந்து பேர் தலையை நீட்டிக் கைதட்டினார்கள்.

ஐந்து மணிக்குத் திரை இருண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பட்டன் போனை எடுத்தாள். இணைப்பு இன்னும் அறுந்திருக்கவில்லை.

"அண்ணா, நீங்க போகலையா?"

"நடுவுல நின்னு போச்சுன்னா கூப்பிட ஆள் வேணுமேம்மா. அதான் இருந்தேன். குடும்ப விஷயம் காதுல விழுந்துச்சு, மன்னிச்சுக்குங்க."

"பக்கத்துல உட்கார்ந்து கையைப் பிடிச்சு எழுத வச்ச மாதிரி செஞ்சீங்களே அண்ணா! நம்பர் குடுங்க, முதல் வேலையா பாப்பா போட்டோவை அனுப்புறேன்."

"போட்டோ வேண்டாம்மா" என்று சிரித்தார் அவர். "முடிஞ்சா அந்தத் தும்மலைப் பதிவு பண்ணி அனுப்புங்க. எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது."