ஃபேமிலி பிளான்

"போஸ்ட்பெய்டு உங்களுக்கு வேணாம் சார். சொன்னா கேளுங்க, பேஜாராயிடும்."

சொன்னவன் இளஞ்செழியன். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள மொபைல் கடையில் அந்த ஃபேமிலி பிளானை விற்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவன். காலையில்தான் சேவூர்க்காரர் ஒருவரைப் பேசிப் பேசியே அதில் சேர்த்துவிட்டிருந்தான். இப்போது பட்டுச்சேலை வியாபாரி ஜெகநாதனிடம் அதே பிளானைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தான்.

ஜெகநாதன் அசைவதாயில்லை. யார் ரீசார்ஜ் எப்போது முடிகிறது என்று நினைவு வைத்துக்கொள்வதே பெரிய தொல்லை, வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரே பில் வந்தால் நிம்மதி என்றார். பக்கத்தில் அவர் மகள் ஜெயப்ரியா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இளஞ்செழியன் விடவில்லை. நெட் அளவைத் தாண்டினால் தனியாகக் காசு பிடிப்பார்கள், பில் கட்ட மறந்தால் அபராதம், பிடிக்கவில்லை என்றால் நினைத்தவுடன் விலகவும் முடியாது என்று அடுக்கினான். உள்ளேயிருந்து முதலாளி எட்டிப் பார்த்து முறைத்தார். அவன் இன்னும் வேகமாகத் திட்டினான்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. எங்க வீட்ல யாரு யார்கூட பேசிகினு இருக்காங்கன்னு அந்த பில்லுல வருமா?"

அவன் பார்வை ஜெயப்ரியா பக்கம் போய்த் திரும்பியது. வராது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் விற்கிற பொருளைப் பற்றிப் பொய் சொல்ல அவனுக்கு வராது.

"கேட்டு வாங்கினா வரும் சார். நம்பர், நேரம், எல்லாமே."

"அப்ப ஜல்தியா போடு."

வேறு வழியில்லை. அப்பா, அம்மா, மகள் என்று மூன்று நம்பர்களையும் ஏற்றினான். அதில் ஒன்றைத் தப்புத் தப்பாக அடித்து, அழித்து, மறுபடி அடித்தான். ஜெயப்ரியாவின் தோள்கள் குலுங்கின. இன்னும் ஒரு நம்பர் சேர்க்கலாம், குடும்பத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று கடமைக்குக் கேட்டுவைத்தான்.

ஜெகநாதன் மகளைப் பார்த்தார். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. கடையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள்.

"யார்கூட பேசிகினு இருக்கான்னு இவ நேத்தே சொல்லிட்டா," என்றார் அவர். "உங்க நம்பரையே போடுங்க மாப்ள."