ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூற்று இருபது

"சொல்லுங்க சார், ஏழு லட்சத்து இருபதாயிரத்து எழுநூத்தி இருபது. மூணால வகுபடுமா?"

கணக்கு வாத்தியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்கிட்ட கேக்குற கேள்வியாம்மா இது? இலக்கத்தையெல்லாம் கூட்டுங்க, பதினெட்டு. மூணு என்ன, ஒன்பதாலயும் வகுபடும்."

எதிரே தாளோடு உட்கார்ந்திருந்த இளம்பெண் சிரித்துவிட்டாள். வாத்தியாருக்குப் பின்னால் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு பதில் பிசகினாலும் எல்லாம் பாதியில் நின்றுவிடும். அப்புறம் வகுப்புக்குத் திரும்புவது சந்தேகம்தான்.

"இன்னும் என்ன தெரியும் இந்த எண்ணைப் பத்தி?"

"என்ன தெரியாதுன்னு கேளுங்க! ஒண்ணுலேர்ந்து பதினாறு வரைக்கும் எல்லாத்தாலயும் மீதியில்லாம வகுபடும். இருநூத்தி நாற்பது காரணி. இதைவிடச் சின்ன எண் எதுக்கும் அவ்வளவு கிடையாது. பெரிய குடும்பஸ்தன்!"

"வர்க்க எண்ணா?"

"கடைசியில ஒத்தை சைபர் நிக்குதே, எப்படி ஆகும்?"

"சரி, காரணிப்படுத்துங்க."

"எழுநூத்தி இருபது இன்ட்டு ஆயிரத்து ஒண்ணு. ஆயிரத்து ஒண்ணைப் பதினொண்ணால வகுத்தா தொண்ணூத்தி ஒண்ணு. அது பகா எண். அதுக்கு மேல உடையாது."

பெண்ணின் சிரிப்பு காணாமல் போனது. "யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? பகா எண்தான்."

"நிறுத்துங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பெண் வெளியே ஓடினாள். நடைபாதை பெஞ்சில் வாத்தியாரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். அதே பள்ளியில் அவளும் கணக்கு டீச்சர்தான். ஓடி வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

"எல்லாம் நல்லாத்தான் சொன்னார் மேடம். திடீர்னு தொண்ணூத்தி ஒண்ணு பகா எண்ணுங்கிறார். ஏழு பதிமூணு தொண்ணூத்தி ஒண்ணு இல்லையா?"

மனைவி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"வயித்துல பாலை வார்த்தியேம்மா! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பாட்டுதான். போர்டுலயே எழுதிப்போட்டு, பிள்ளைங்க சிரிச்சதுக்கு அப்புறம்தான் அழிப்பார். எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா? அவர் சரியா சொல்லியிருந்தாதான் நான் பயந்திருப்பேன்."

சேதி உள்ளே வந்ததும் எல்லோருக்கும் போன மூச்சு திரும்பி வந்தது. நின்ற வேலை தொடர்ந்தது. பத்தொன்பதாம் வாய்ப்பாட்டை வாத்தியார் கடகடவென்று ஒப்பித்து முடித்தார்.

"போதும் சார், கட்டி முழுசா வெளிய வந்துடுச்சு" என்றார் பின்னாலிருந்த டாக்டர், ரத்தம் படிந்த கையுறையைப் பார்த்துக்கொண்டே. "கணக்கெல்லாம் பத்திரமா உள்ளேயே இருக்கு. இப்ப உங்க மண்டையோட்டை மூடிடலாம்."