மூன்று நாள் பயணம்

சிகாகோவிலிருந்து திருவனந்தபுரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம். அங்கிருந்து பாளையங்கோட்டைக்குக் காரில் நான்கு. ஊரிலிருக்கும் அம்மாவிடம் முதல் வருடம் பயணம் இரண்டு நாள் என்றேன். லீவு கிடைக்காத வருடங்களில், அதாவது நான் லீவே கேட்காத வருடங்களில், அது மூன்று நாளானது. விமானத்தை மாட்டுவண்டியாக்கிய விஞ்ஞானி நான்.

"அவ்வளவு தூரமாலே? அலையாத, ஒடம்பு கெட்டுரும். போன்ல பேசுதியே, அது போதும்" என்பாள்.

வெள்ளிக்கிழமை காலை தங்கை சுப்ரஜா அழைத்தாள். அம்மா போய்விட்டாள்.

"உடனே கிளம்புதேன்" என்றேன்.

"மூணு நாளு ஐஸ் பெட்டியில வைக்க முடியாதுண்ணே. 'அவன அலைக்கழிக்காதிய, சித்தப்பா மகன் கொள்ளி வைக்கட்டும்'னு அம்மையே சொல்லிட்டுப் போயிருக்கா."

நான் ஒரே மகன். மூன்று நாள் கணக்கே பொய் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "சரி" என்றேன்.

திங்கட்கிழமை காலை வாசல் மணி அடித்தது. பனியில் அம்மா வெறுங்காலோடு நின்றாள். பாதங்கள் இரண்டும் வீங்கியிருந்தன.

"மூணு நாளுன்னா சும்மாவாலே! நீ இத்தன வருசம் வராததுல தப்பே இல்ல."

ஒரே நாளில் வந்திருக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் கால் நனைக்க வெந்நீர் வைக்கப் போனேன்.