சனிக்கிழமை ரிம்

"டயருக்குப் பாலிஷ் அடிச்சீங்களா, இல்ல ரிம்மைக் குளிப்பாட்டினீங்களா சார்?"

காரோடு வந்து நின்ற பெரியவரைக் கேட்ட ரிம் அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அந்த வாட்டர் சர்வீஸில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன மாதம் கார் கழுவ மிஷின் வந்துவிட்டது. ரிம்மில் ஒட்டிய பாலிஷ் பிசுக்கு மட்டும் அதற்குப் போகாது, கையால்தான் தேய்க்க வேண்டும். அதற்கும் வாரத்துக்குப் பத்து வண்டியாவது வராவிட்டால் வேலையிலிருந்து நின்றுகொள் என்று சொல்லிவிட்டார் முதலாளி. அன்று அவள் கெஞ்சியதை, வண்டிக்காகக் காத்திருந்த இந்தப் பெரியவர்கூடப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அடுத்த சனிக்கிழமையே ஆரம்பித்தது இந்தக் கூத்து. ஸ்ப்ரே டப்பா வாங்கி வீட்டிலேயே டயருக்கு அடித்துக்கொள்கிறாராம். டயரில் பாதி, ரிம்மில் பாதி. கேட்டால், கண் சரியாகத் தெரியவில்லை என்று தடித்த கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்.

சொல்லிக்கொடுத்தால் தன் பிழைப்பில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற மாதிரிதான். ஆனாலும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. அட்டையை ரிம் அளவுக்கு வட்டமாக வெட்டி, இதை வைத்து மறைத்துக்கொண்டு அடியுங்கள் என்று செய்தே காட்டினாள். பெரியவர் சமர்த்தாகத் தலையாட்டினார்.

அடுத்த வாரம் முன்னைவிட மோசம்.

இன்னும் பெரிய குழப்பம், அதே மாதிரி வேறு வண்டிகளும் வர ஆரம்பித்தன. முதலில் நாலு, அப்புறம் பதினொன்று. எல்லா ரிம்மிலும் அதே பிசுக்கு. ஊருக்கே பார்வை மங்கிவிட்டதா என்ன? தேய்த்துத் தேய்த்து அவளுக்குத் தோள்பட்டை விட்டுப்போனது. முதலாளி மட்டும் அதற்கப்புறம் நின்றுகொள் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை வண்டியை ஓட்டி வந்தது பெரியவரின் மனைவி. அவருக்குக் காய்ச்சலாம்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்கம்மா. சாருக்குப் பார்வை இவ்வளவு மோசம்னா, வேற யாரையாவது அடிக்கச் சொல்லக் கூடாதா?"

அந்த அம்மா திருதிருவென்று விழித்தார்.

"பார்வையா? நாப்பது வருஷம் கார் பெயிண்டரா இருந்தவரும்மா அவரு. இன்னிக்கும் கோடு தாண்டி ஒரு துளி விழாது. அதனாலதானே எங்க காலனியில எல்லார் வண்டிக்கும் வாராவாரம் அவரே வலியப் போய் அடிச்சுவிடறாரு?"