காதில் சொன்னது

கட்டிப்பிடித்து நின்ற நேரத்தில் ராங்கெல், ஸ்தோயிலின் காதில் ஏதோ சொன்னான்.

குத்துச்சண்டை மேடையின் மூலையில் நின்ற அசென் அதைப் பார்த்துவிட்டான். சொல்லும்போது ராங்கெலின் பார்வை ஸ்தோயிலின் தோளைத் தாண்டி, அசெனையும் தாண்டி, பின்னால் கூட்டத்தில் யார் மேலோ நின்றது.

ஸ்தோயில் சிரித்தான்.

அசென் அவனுக்குப் பயிற்சியாளன். தங்கையைக் கொடுத்த மச்சானும்கூட. சண்டைக்கு நடுவில் ஸ்தோயில் சிரித்து அவன் ஒருநாளும் பார்த்ததில்லை.

ரூசே நகரத்தில் ஸ்தோயிலின் சண்டை என்றால் ஜனங்கள் சிகரெட் பிடிக்க வெளியே போய்விடுவார்கள். தொடுகிற மாதிரி ஒரு குத்து, உடனே பின்வாங்கல். புள்ளிக் கணக்கில் ஜெயித்து, முகத்தில் கீறல் விழாமல் வீடு திரும்புவான். வார்னாவிலிருந்து வந்த ராங்கெலும் அதே ரகம்தான். போன முறை இவர்கள் மோதியபோது நடுவரே கொட்டாவி விட்டார்.

மணி அடித்தது. ஸ்தோயில் வந்து முக்காலியில் உட்கார்ந்தான்.

"காதுல என்ன மாப்ள சொன்னான்?"

"அப்புறம் சொல்றேன் மச்சான். தண்ணியக் குடுங்க."

அடுத்த சுற்றில் ஸ்தோயில் பின்வாங்கவே இல்லை. நடு மேடையில் காலை ஊன்றி நின்று அடித்தான். ராங்கெலும் நகராமல் நின்று வாங்கினான், திருப்பிக் கொடுத்தான். உதடு கிழிந்தது, புருவம் வெடித்தது. வெளியே போனவர்கள் அணைக்காத சிகரெட்டோடு உள்ளே ஓடி வந்தார்கள்.

அசென் மட்டும் கையிலிருந்த துண்டை இறுக்கிப் பிடித்தான்.

சூதாட்டக்காரர்களோடு பேசிவைத்து விழுந்தான் என்று போன வருடம் ஒருவனுக்கு ஆயுள் தடை போட்டார்கள். அவனும் விழுவதற்கு முன்னால் இப்படித்தான் புலியாகப் பாய்ந்தான்.

அசென் திரும்பிப் பார்த்தான். இரண்டாம் வரிசையில் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன், சூரியகாந்தி விதையைக் கொறித்தபடி கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். அசெனின் கண்ணைச் சந்தித்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ராங்கெல் ஒருமுறை விழுந்தான். எழுந்தபோது அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அடிக்கிறவனும் சிரிக்கிறான், அடி வாங்குகிறவனும் சிரிக்கிறான். இது என்ன சண்டை?

அப்போதுதான் ராங்கெலின் வலது கை ஸ்தோயிலின் தாடையில் இறங்கியது. ஸ்தோயிலின் முழங்கால் மடங்கியது.

இதுதான், என்று நினைத்தான் அசென். பேசிவைத்த இடம் இதுதான். இப்போது விழப்போகிறான்.

அவனாக விழுந்தால் நாளைக்கு ஊரே தோண்டும். தங்கை எந்த முகத்தோடு தெருவில் நடப்பாள்? நானே நிறுத்திவிட்டால், விலைபோய் விழுந்தான் என்று எவனும் சொல்ல முடியாது.

தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டைத் தூக்கி மேடையில் எறிந்தான்.

அது தரையைத் தொடுவதற்குள் ஸ்தோயில் நிமிர்ந்துவிட்டான். அவனுடைய இடது கை ராங்கெலின் முகத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தது. நடுவர் குறுக்கே பாய்ந்து சண்டையை நிறுத்தினார்.

நாலா பக்கமும் கண்டன விசில். ஒரு காகிதக் கோப்பை பறந்து வந்து அசெனின் தோளில் பட்டது.

"ஏன் மச்சான்?" என்றான் ஸ்தோயில். இரத்தம் ஒழுகும் முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

"வித்துட்டியாடா? காதுல என்ன சொன்னான் அவன்?"

பல்லுறையைத் துப்பிவிட்டு ராங்கெல்தான் கிட்டே வந்தான்.

"நான் சொல்றேண்ணே. 'உன் பொண்ணு தூங்கிட்டாடா'ன்னேன். 'நம்ம சண்டையப் பாக்க வந்து தூங்குது, பாவம். எழுப்பி விடுவமா?'ன்னு கேட்டேன். அவ்வளவுதான்."

அசென் திரும்பினான்.

தோல் ஜாக்கெட்காரனுக்குப் பின்வரிசையில், தங்கை மகள் ராலித்சா நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தாள். அப்பாவின் சண்டைக்கு அன்றுதான் முதல் தடவையாக வந்திருந்தாள்.

முகத்தில் தூக்கத்தின் சுவடே இல்லை. இரண்டு விரலை வாயில் வைத்து, கூட்டத்தோடு கூட்டமாக, மாமனைப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தாள்.