இன்னும் ஒரு வளைவு

"வாசலை எங்கே வெச்சிருக்கீங்க? சுவரை எழுப்பிட்டு மறந்துட்டீங்களா?"

காரிலிருந்து இறங்கியதுமே அந்த அம்மாள் ஒரு போடு போட்டாள். எதிரே வெறும் கான்கிரீட் சுவர். பூச்சு இல்லை, வண்ணம் இல்லை, கோபுரமும் இல்லை. புதிதாகத் திறந்த புத்தர் கோயில்.

மொட்டைத் தலையும் காவி உடையுமாக வரவேற்க நின்ற இளம் பிக்குணி சிரித்தாள். "சுவரோடவே நடந்தா வாசல் வந்துடும். வாங்கம்மா."

"சுத்திப் பார்க்க வரலை. என் பொண்ணைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன். போன்லயே சொல்லிட்டேன். உங்க தலைமை எங்கே?"

"தியானத்துல இருக்காங்க. முடிஞ்சதும் வந்துடுவாங்க. அதுவரைக்கும் உள்ளே போயிட்டு வரலாமே?"

அம்மாள் அவள் முகத்தை ஏறிட்டும் பாராமல் விறுவிறுவென்று நடந்தாள்.

சுவர் வளைந்து, மெல்லச் சரிந்து, நிலத்துக்குள் இறங்கியது. போகப் போக வெளிச்சம் குறைந்தது.

"இது கோயிலா, குகையா? ஒரு ஜன்னல் வெச்சா குறைஞ்சா போயிடும்?"

"இன்னும் ஒரு வளைவுதான்மா. அப்புறம் திட்டுங்க."

"அப்பவும் பிடிக்கலேன்னா?"

"பிடிக்கும்." பிக்குணியின் குரலில் துளித் தயக்கமில்லை.

முன்னால் ஒரு குடும்பம் சளசளவென்று பேசிக்கொண்டே போனது. வளைவில் திரும்பியதும் அந்தச் சத்தம் வெட்டினாற்போல் நின்றது. அம்மாளும் திரும்பினாள்.

வட்டமான கூடம். கூரையின் நடுவே ஒரு திறப்பு. அதன் வழியே இறங்கிய வெயில் புத்தரின் முகத்தில் மட்டும் விழுந்திருந்தது. மற்றதெல்லாம் நிழல். 'பேசாதீர்கள்' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் யாரும் பேசவில்லை. படமெடுக்கச் செல்போனைத் தூக்கியவர்கூடக் கையை இறக்கிக்கொண்டார்.

அம்மாள் கல்மேடையில் உட்கார்ந்தாள். வெயில் புத்தரின் முகத்திலிருந்து தோளுக்கு இறங்கும்வரை எழுந்திருக்கவில்லை.

"யார் போட்ட பிளான் இது?" என்றாள் அடிக்குரலில்.

"இங்கேயே இருக்கற ஒருத்தர்தான்மா."

அம்மாள் முதல்முறையாக அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

வெளியே தலைமைப் பிக்குணி காத்திருந்தார். "மகளை அழைச்சுட்டுப் போகணும்னு சொன்னீங்களாமே? அவங்களுக்கும் அதுதான் விருப்பம்னா நாங்க தடுக்க மாட்டோம்."

"வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்" என்ற அம்மாள், தனக்கு வழிகாட்டி வந்த பிக்குணியின் கையை இறுகப் பற்றிக்கொண்டாள். "வேளாவேளைக்குச் சாப்பிடறாளான்னு மட்டும் பார்த்துக்குங்க. பிளான் போட உட்கார்ந்துட்டா என் பொண்ணுக்குச் சோறு தண்ணி ஞாபகமே வராது!"