மேற்குப் பாதியின் மிலாறு

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள்.

சவுக்குத்தோப்பு வெட்டி முடிந்துவிட்டது. மரங்கள் லாரியில் ஏறிவிட்டன, எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைக்கு. தரையில் மிச்சம் கிடப்பது மிலாறு. நுனிக்கிளையும் ஊசியிலையும்.

மரம் வெட்ட வந்த பெண்களுக்கு அது, அடுப்பெரிக்க. யாரையும் கேட்க வேண்டியதில்லை.

அந்த மிலாறு எரிந்த அடுப்பின் சோற்றில் வளர்ந்தவள் அவள்.

இன்று மேற்குப் பாதியிலிருந்து ஒரு குச்சிகூட வெளியே போகக்கூடாது. கிழக்கில் அள்ளிக்கொள்ளலாம். மேற்கில் அங்கேயே கிடந்து மட்க வேண்டும். மரம் எடுத்துக்கொண்டதில் எவ்வளவு மண்ணுக்குத் திரும்புகிறது? அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு மொத்தமும் அந்த ஒரு கேள்விதான்.

தோப்புக்காரர் சம்மதித்துவிட்டார். பேராசிரியரிடம், ‘பெண்களிடம் நானே பேசிக்கொள்கிறேன் சார், எங்கள் ஊர்தானே’ என்று சொல்லியிருந்தாள்.

எங்கள் ஊர் என்பதால்தான் வாய் வரவில்லை.

நேற்று அம்மாவிடம்கூட ஆய்வைப் பற்றித்தான் சொன்னாள். மேற்கில் சுமை கட்டக்கூடாது என்பதைச் சொல்லவில்லை.

பெண்கள் மேற்கில் சுமை கட்டத் தொடங்கினார்கள். முதலில் கட்டி முடித்தது அம்மா.

நிமிர்ந்தபோது மகளைப் பார்த்தாள். மேற்குப் பாதியின் நடுவில் அவள் நின்ற இடத்தை. மண் எடுக்கும் குழாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்ததை.

பிறகு குனிந்து, சுமையை அவிழ்த்தாள். இருந்த இடத்திலேயே உதறிப் பரப்பினாள்.

“இந்தப் பக்கம் எடுக்காதீங்கடி. எம் பொண்ணு மண்ணு படிக்குது.”

பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த தெய்வானை இடுப்பில் கை வைத்தாள்.

“யக்கா, ஒம் பொண்ணு படிச்சு முடிக்கறதுக்குள்ள எங்கூட்டு அடுப்புல பூன குட்டி போட்டுரும்.”

“போட்டா எனக்கொண்ணு குடு.”

யாரோ சிரித்தார்கள். தெய்வானை சிரிக்கவில்லை. ஆனால் அவிழ்த்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும்.

கிழக்கில் கிடந்தது எல்லோருக்கும் போதவில்லை. அம்மா அங்கே போகவேயில்லை.

தூவியதுபோல் சமமாகப் பரவிக் கிடந்தது மேற்கு. நன்றி சொன்னால் அம்மா திட்டுவாள்.

திரும்பும்போது அம்மா வாய்க்கால் வரப்பில் இறங்கவில்லை. சுமையோடு எப்போதும் அந்த வழிதான்.

கடைத்தெருப் பக்கம் திரும்பினாள். வெறுந்தலையோடு, கைகளை வீசிக்கொண்டு, மெதுவாக.

டீக்கடை பெஞ்சிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார்.

“என்னாம்மா, இன்னிக்கு வெறுங்கையோட வர்ற?”

அம்மா நின்றாள்.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

பதில் சொல்வதற்கு முன், பின்னால் வந்த மகளைக் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.